ரொட்டி மாதாவின் திருநாள்

சுங்கை ரம்பாயில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் சாலையில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். எனக்கு நினைவு தெரிந்தபோது அதற்கு வேலி கிடையாது. வேலையாட்கள் குடியிருக்கும் லயங்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. மலாயாவில் வெள்ளைக்கார சர்க்கார் எமர்ஜென்சி போட்ட பிறகு, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று எல்லா லயங்களையும் பிரித்துக்கொண்டுவந்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி இழுத்துவிட்டார்கள். போக வர ஒரே கேட். அதில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள். விடியற்காலையில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டப் போகிறவர்களை நிறுத்தி வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெண்களை, அதற்கென்று வைத்திருந்த ஒரு பெண் மடியையும் கொண்டையையும் தடவிப் பார்த்து அனுப்புவாள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டுக் கருவாடு, கொஞ்சம் சீனி, எதுவும் வெளியே போகக் கூடாது. வெயில் ஏறியதும் மரத்தடியில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுகிற வழக்கம் அத்தோடு நின்றது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டி, பால் சுமந்து, திரும்பி வந்த பிறகுதான் சாப்பாடு.

அந்தக் கேட்டில் சோதனை இல்லாமல் போய் வரக்கூடிய தமிழர் எங்கள் அப்பா ஒருவர்தான். அவர் தோட்டத்து டிரசர். ஊசி போடுவது, மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவரே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைக்கிளின் பின்னால் தோல்பையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தின் இன்னொரு பகுதியான இரண்டாம் டிவிஷனுக்குப் போவார். அங்கேயும் இதே போல ஒரு வேலி, ஒரு கேட். மலேரியா வந்தால் காவலர்களுக்கும் அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் பையைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். மரியாதையாகக் கேட்டின் கம்பைத் தூக்கிவிடுவார்கள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர் வரவில்லை. எந்த இடத்தில், என்ன வியாதியில் விழுந்தார் என்று வந்து சொல்லவும் யாரும் மிஞ்சவில்லை. அதிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு எங்களோடு இருந்தாள். பிள்ளை கிடையாது. எங்கள் வீடும் ஆஸ்பத்திரியும் ஒட்டினாற்போல் இருந்தன. அம்மா அடுப்பு மூட்டுவதற்குள் அத்தை ஆஸ்பத்திரியில் இருப்பாள். படுக்கையிலேயே மலஜலம் போய்விட்டவர்களைத் துடைத்துவிடுவாள். புழு வைத்த காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கழுவுவாள். அவளுக்குச் சம்பளமும் இல்லை, யாரும் அவளை வரச் சொல்லவும் இல்லை. வியாதியைப் பிள்ளைகளிடம் ஒட்டவைத்துவிடப் போகிறாள் என்று அம்மாவுக்குப் பயம். ஒரு நாள் மனசு தாளாமல் அதைச் சொல்லியும்விட்டாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை.

"சயாம்ல அவருக்கும் எவளாச்சும் ஒருத்தி ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பா. அதத்தான் திருப்பிக் குடுக்கிறேன்னு வச்சுக்கயேன்" என்றாள்.

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அத்தையிடம் கண்ணாடி போட்ட படம் ஒன்று இருந்தது. தலையில் கிரீடமும் மடி நிறைய ரோஜாப்பூவுமாக நிற்கும் ஒரு ராணி. அர்ச்சியசிஷ்ட எலிசபெத்தம்மாள் என்கிற புனிதை. அங்கேரி தேசத்து ராஜகுமாரி. மாளிகையிலிருந்து இறங்கி வந்து ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தவள். புருஷன் செத்த பிறகு ஆஸ்பத்திரி வைத்து, நோயாளிகளுக்குத் தன் கையாலேயே எல்லாம் செய்து, சின்ன வயசிலேயே செத்துப்போனவள். நவம்பர் மாத அடைமழையில் வரும் அவள் திருநாள் அத்தைக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரியது. சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைத்து ஒரு கூடை ரொட்டி வாங்குவாள். படத்தை மருந்து அலமாரியின் மேல் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் எல்லாருக்கும் ரொட்டியும் சீனி போட்ட கோப்பியும் கொடுப்பாள். கையைத் தூக்க முடியாதவர்களுக்குப் பிய்த்து நனைத்து ஊட்டிவிடுவாள். தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அன்றைக்கு அவர்களும் படத்தின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் ரொட்டி மாதா.

பூவின் கதையை அத்தை வருஷா வருஷம் சொல்வாள். மடியில் ரொட்டியை மறைத்துக்கொண்டு ராணி போகிறாள். ராஜா வழியில் குதிரையை நிறுத்தி, மடியில் என்ன என்று கேட்கிறான். பூ என்கிறாள். திற என்கிறான். திறந்தால் உள்ளே அத்தனையும் ரோஜா. ஒரு வருஷம், மூச்சிரைப்போடு கடைசிக் கட்டிலில் கிடந்த கிழவர் இதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அன்னிக்கு அந்தச் சனங்க பட்டினியா தாயி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ராஜா அந்தப் பக்கம் போனதும் பூவெல்லாம் மறுபடி ரொட்டியாகியிருக்கும் என்று சமாளித்தாள். கிழவருக்கு அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வேலி போட்டதும் ரொட்டிக்காரர் உள்ளே வருவது நின்றுபோனது. அரிசி ஆள் கணக்கில் அளந்து கொடுக்கப்பட்டது. அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அத்தை சரியாகச் சாப்பிடாமல் இருக்கத் தொடங்கினாள். தட்டில் போட்ட சோற்றில் பாதியைத் தனியே ஒதுக்கி, வாழையிலையில் கட்டி, அப்பாவின் தோல்பையில் பஞ்சுக்கு அடியில் வைப்பாள். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு என்று எனக்குச் சொன்னார்கள். அப்பா திரும்பி வந்து சைக்கிளைச் சாத்துவதற்குள் வாசலுக்கு வந்து, "காய்ச்சல் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்பாள். அப்பா சில நாள் பரவாயில்லை என்பார். பிறகு பிறகு தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாம் டிவிஷனில் யாரோ ஒரு காய்ச்சல்காரன் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் காய்ச்சல்காரர்களைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. அத்தையின் பழைய புடவை ஒன்று நீளநீளமாகக் கிழிக்கப்பட்டுச் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அதையும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் பாதியில் விட்டுவிட்டது. காவலர்கள் வெளியே சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், இரண்டாம் டிவிஷன் போகும் வழியிலிருந்த பழைய புகைக்கொட்டகையில் ஒரு பிணத்தைக் கண்டெடுத்திருந்தார்கள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட காலம் போய் அந்தக் கொட்டகை பாழடைந்து கிடந்தது. மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சாக்கை விரித்துக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றால் களம் தெரியும். அம்மா என்னை உள்ளே இழுப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். ரொம்பச் சின்னப் பையன். கன்னம் ஒட்டி, பல் வெளியே தெரிந்தது. ஒரு கால் மட்டும் இன்னொரு ஆளுடைய கால் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தது. அந்தக் காலில் வெள்ளைத் துணிக் கட்டு.

அவன் நாலாம் லயத்துப் பாக்கியம் அக்காவின் மூத்த மகன். சங்கம், ஊர்வலம் என்று தோட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் பெரியவர்களோடு சேர்ந்து காட்டுக்குள் போய்விட்டவன். அப்போது மீசைகூட முளைத்திருக்காது. காலில் குண்டு பட்டு, காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, நடக்க முடியாதவனைக் கூட இருந்தவர்கள் அந்தக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சைக்கிளில் போன அப்பாவை உள்ளேயிருந்து கூப்பிட்டிருக்கிறான். போலீசில் சொன்னால் பிடித்துக்கொண்டுபோய்த் தூக்கில் போடுவார்கள். சொல்லாமல் மருந்து கொடுத்தால் அப்பாவையே பிடிப்பார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னார். அத்தை சோறு கட்டினாள், புடவையைக் கிழித்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அத்தை தினம் கேட்ட காய்ச்சல்காரன் இவன்தான் என்று அன்று களத்தில் கிடந்தவனைப் பார்த்தபோது எனக்குத் தெரியாது.

போலீஸ் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். அவர் சொல்வதை, தோட்டத்து ஆபீசின் கணக்குப்பிள்ளையான பெரிய கிராணி தமிழில் சொல்வார். வேலையிலிருந்து திரும்பிய எல்லாரையும் வரிசையாகப் பிணத்தைத் தாண்டி நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் நின்று முகத்தைப் பார்த்து, இன்னாரென்று தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். தோட்டத்தில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாது, தெரியாது என்று ஒவ்வொருவராகப் போனார்கள். பாக்கியம் அக்காவின் முறை வந்தது. இடுப்பில் கைக்குழந்தை. கையில் பால் வாளி. வாளியைக் கீழே வைக்காமல் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தாளா, எல்லாரையும் போலத்தான் பார்த்தாளா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"தெரியாதுங்க தொரை" என்றாள்.

நிமிர்ந்து நடந்தாள். ஈக்கள் குழந்தையின் பக்கம் வந்தபோது கையால் விரட்டிவிட்டாள். வாளியில் மிச்சமிருந்த பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, குழாயடியில் வாளியைக் கழுவினாள். கழுவிய வாளியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற பெண்கள் யாரும் தள்ளு என்று சொல்லவில்லை.

காலில் இருந்த கட்டை அவிழ்த்துப் பார்க்க அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். தான் போட்ட கட்டைத் தானே அவிழ்த்தார். ஆஸ்பத்திரித் துணி இல்லை, ஏதோ புடவைத் துணி என்று அதிகாரியிடம் சொன்னார். அது உண்மைதான். கொட்டகையில் கிடைத்த வாழையிலையும் அதில் ஒட்டியிருந்த சோற்றையும் அதிகாரி தூக்கிக் காட்டினார். சோறு கொண்டுபோனது யாரென்று தெரியும்வரை எல்லாருக்கும் பாதி அரிசிதான் என்று பெரிய கிராணி அறிவித்தார். பிணத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்கிற உரிமையுள்ளவள் கேட்க முடியாமல் போய்விட்டது.

பாதி அரிசி என்பதைச் சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஏற்கெனவே அளந்து கொடுத்ததில் பாதி. பெரியவர்கள் கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டு மரம் வெட்டப் போனார்கள். மத்தியானமானால் லயங்களில் பிள்ளைகள் அழுகிற சத்தம் ஆஸ்பத்திரிவரை கேட்கும். பிறகு அந்தச் சத்தமும் குறைந்துவிட்டது. அழத் தெம்பில்லாமல் படுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். பால் தூக்கி வந்த ஒரு பெண் கால் மடங்கி விழுந்து, சுமந்த பாலெல்லாம் கொட்டிப்போய், அன்றைய கூலியும் போயிற்று. கிடைக்கிற கஞ்சியிலும் அத்தை நோயாளிகளுக்கு ஊற்றியது போகத்தான் தனக்கு எடுத்துக்கொண்டாள். கடைசிக் கட்டில் கிழவர் கஞ்சி இருந்த தன் மங்குக் கோப்பையை அவள் பக்கமாகத் தள்ளி, "இருக்கட்டும்லா, எனக்கு எதுக்கு" என்பார்.

இதற்கு நடுவில்தான் திருநாள் வந்தது. ரொட்டி இல்லை, கோப்பி இல்லை. அத்தை படத்தைத் துடைத்து அலமாரி மேல் வைத்து, இருந்த துண்டு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். நோயாளிகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கதை சொல்லச் சொல்லி நான் நச்சரித்தேன். இன்றைக்கு வேண்டாம் என்றுவிட்டாள். அன்று மாலை அரிசி வாங்குகிற இடத்தில் ஒரு பெண் பாக்கியம் அக்காவுக்குக் கேட்கும்படியாக, "யாராச்சும் சொல்லித் தொலையுங்களேன், எம்புள்ள சாவுறதுக்குள்ள" என்றாளாம். பெற்றவளைத் தவிர வேறு யார் சோறு கொண்டுபோயிருப்பார்கள் என்று லயங்களில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே போனால் இன்னும் ஓரிரு நாளில் ஆபீசில் போய்ச் சொல்லிவிடுவார்கள். அவளுக்கு இன்னும் மூன்று குழந்தைகள் இருந்தன. அம்மா இதை வந்து சொன்னபோது அத்தை மெழுகுவர்த்தியைக் கிள்ளி அணைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சமையலறையில் அப்பாவும் அத்தையும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு அப்பா வெளியே வந்து, பாயில் உட்கார்ந்திருந்த என் தலையில் ஒரு கையையும் என் சின்னத் தம்பி தலையில் ஒரு கையையும் வைத்தார். எடுக்கவே இல்லை. அத்தை எதிரே நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்து, "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அரிசி அளக்கும் நேரத்தில் அத்தை துவைத்த புடவை கட்டி, தலையை வாரி முடிந்துகொண்டு கிளம்பினாள். அவள் ஆபீஸ் பக்கம் போவது அதிசயம் என்பதால் நான் பின்னாலேயே போனேன். ஸ்டோர் வாசலில் ஜனங்கள் சாக்கோடு நின்றார்கள். பெரிய துரையும் போலீஸ் அதிகாரியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வரிசையில் நிற்காமல் நேராக அவர்கள் முன்னால் போனாள்.

"அந்தப் பையனுக்குச் சோறு கொண்டுபோனது நான்தான். கட்டுப் போட்ட துணியும் என்னுதுதான்" என்றாள்.

பெரிய கிராணி உடனே மொழிபெயர்க்கவில்லை. என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். சொல்லுங்க என்றாள். அவன் யார் என்று அதிகாரி கேட்டார். யாரோ ஒரு பையன், காய்ச்சலாகக் கிடந்தான், அதற்கு மேல் தெரியாது என்றாள். கேட்டை எப்படித் தாண்டினாய் என்று கேட்டார். கேட் வழியாகப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் காவாய் இருக்கிறது, அதில் படுத்து வேலிக்கு அடியில் போனேன் என்றாள்.

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வயசு தாண்டியவள். கனத்த உடம்பு. துரையிடம் ஏதோ சொன்னார். பிறகு அப்பாவை அழைத்துவர ஆள் போயிற்று. ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார். உங்கள் அக்கா இப்படிச் சொல்கிறாள், உங்களுக்குத் தெரியுமா என்று அதிகாரி அவரிடம் இங்கிலீஷில் கேட்டார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வார்த்தை சொன்னார். யாரும் கேட்காமலேயே பெரிய கிராணி அதைக் கூட்டத்துக்குத் தமிழில் சொன்னார்.

"டிரசருக்குத் தெரியாதாம்."

போன வழியைக் காட்டச் சொன்னார்கள். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போனோம். மழைத் தண்ணீர் ஓடுகிற காவாய் அது. அதன் மேல் முள்கம்பி கீழாகத் தொங்கியது. நாய் நுழையலாம். தம்பி நுழையலாம். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் குப்புறப் படுத்தாள். கைகளை முன்னால் ஊன்றி நகர்ந்தாள். தலை போயிற்று. தோள் போகும்போது கம்பி முதுகில் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. துணி கிழிகிற சத்தம் கேட்டது. பாதி உடம்பு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாக மாட்டிக்கொண்டு, தண்ணீரில் முகம் படாமல் தலையைத் தூக்கி மூச்சு வாங்கினாள். வயசில் சின்னவனான ஒரு மலாய்க் காவலன் சட்டென்று முன்னால் வந்து பூட்ஸ் காலால் கம்பியைத் தூக்கப் போனான். அதிகாரி அவனை அதட்டினார். அவன் காலை எடுத்துவிட்டான்.

நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அத்தையைத் தூக்கிவிடச் சொன்னேன். அவர் நகரவில்லை. கம்பி பட்டால் சீழ் பிடிக்கும் என்று எங்களை வேலிப் பக்கமே விடாத மனிதர்.

அத்தை மறுபடி நகர்ந்தாள். காவாய்த் தண்ணீர் கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பாக ஓடியது. எப்படியோ இடுப்பும் போயிற்று, காலும் போயிற்று. அந்தப் பக்கத்தில் எழுந்து நின்று, கிழிந்துபோன முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டு, கம்பிக்கு வெளியே இருந்து எங்களைப் பார்த்தாள்.

"இப்படித்தான் போனேன்" என்றாள்.

அதிகாரி நம்பினாரா என்று எனக்குச் சந்தேகம். அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே முழு அரிசி கொடுத்தார்கள். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். லயங்களில் அடுப்புப் புகை வெகுநேரம்வரை எழுந்தது.

லாரி வருவதற்கு முன்னால் காயத்துக்கு மருந்து போட அனுமதித்தார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அத்தையை உட்காரவைத்து அப்பா முதுகைத் துடைத்தார். ஐயோடின் பட்டதும் அத்தையின் உடம்பு உதறிற்று. வாசலில் காவலன் நின்றான். அப்பா மருந்தைத் தரையில் சிந்தினார். எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்ட கை. அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை, இரண்டு கையிலும் வேலை இருந்தது. நான் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் தலையைத் தடவினாள். அவள் பேசியது அப்பாவிடம்தான்.

"காலையில ஆஸ்பத்திரிய நேரத்துக்குத் தொற. கடைசிக் கட்டில் கெழவனுக்கு ராத்திரியெல்லாம் இழுத்துச்சு. பக்கத்துல இருந்து பாத்துக்க தம்பி."

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. போகிற நேரத்தில் என்னிடம் சொல்வதற்கு ஒரு வார்த்தை இல்லை, யாரோ ஒரு கிழவனைப் பற்றிப் பேசுகிறாளே என்று லாரி போன பிறகும் கோபமாக இருந்தது.

அத்தையைக் கொஞ்ச காலம் மலாக்காவில் அடைத்து வைத்திருந்துவிட்டு, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையாக விட்டு வந்த தேசம். அங்கே அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டு, அங்கேயே நோயாளிகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறாள் என்று ஊருக்குப் போய் வந்த ஒருவர் சொன்னார். அடுத்து கேள்விப்பட்டது அவள் சாவைத்தான். கிழவர் அதற்கு வெகு முன்னாலேயே, அவள் போன வாரத்திலேயே செத்திருந்தார். அப்பா பக்கத்தில் இருந்தார்.

அத்தை போன பிறகு ஒரு நாள் பாக்கியம் அக்கா வேலையை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல், மூலையில் குவிந்து கிடந்த அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அதற்கப்புறம் மழை, வெயில் பார்க்காமல் வந்துகொண்டிருந்தாள். அப்பாவும் அவளும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எமர்ஜென்சி முடிந்து, வேலி பிரிக்கப்பட்டு, அப்பா ஓய்வு பெற்று மலாக்காவை ஒட்டிய கிளேபாங்கில் குடியேறி, அங்கேயே காலமானார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். திருநாளன்று சமையலறையில், தானே போய் ஒப்புக்கொள்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். அத்தை ஒப்பவில்லை. நீ சோற்றைச் சுமந்தாய், அனுப்பியது நான்தானே என்றாளாம். நீ போய்விட்டால் இந்தத் தோட்டத்தில் ஊசி போட யார் இருக்கிறார்கள், காய்ச்சல் வந்த பிள்ளைகளெல்லாம் சாகட்டுமா என்று கேட்டாளாம். பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய், வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல், என்று பிடிவாதமாக நின்றாளாம். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காப்பாற்றியதற்காகத் தன்னை மன்னிக்கவில்லை. பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிடுவார் என்று தெரிந்தே அவர் அந்தப் பக்கம் போகவில்லை என்றாள் அம்மா. அதைச் செய்யாதவர்கள் பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பத்தை வாங்கக் கூடாது.

அத்தை போன மறு வருஷம் எனக்கு முதல் நன்மையான புதுநன்மை கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. மாதம் ஒரு தடவை சாமியார் வந்து பூசை வைப்பார். நானும் அம்மாவும் பட்டினியாகப் போய் முழங்காலிட்டு நன்மை வாங்கி வருவோம். அப்பா மட்டும் பெஞ்சிலேயே இருப்பார். ஆஸ்பத்திரி வேலை முடிகிறவரை பச்சைத் தண்ணீரைத் தொடாத மனிதர், பூசை நாளில் மட்டும் கிளம்புவதற்கு முன்னால் அடுப்படியில் நின்று ஒரு மங்கு டீ குடிப்பார். கேட்காமலேயே அம்மா போட்டுக் கொடுப்பாள். வாய் நனைத்தவர் நன்மைக்கு எழுந்து போகாவிட்டால் யாரும் வேறு காரணம் தேட மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு நாளைக்கு அந்த டீய குடிக்காம இருக்கக் கூடாதாப்பா? எல்லாரும் பாக்கிறாங்க" என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். டீ சூடாக இருந்தது. ஊதி ஊதி அடிவரை குடித்து முடித்து, மங்குக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோயிலுக்கு எங்களோடு நடந்து வந்தார். இவ்வளவு வயசாகியும் நாக்கைக் கட்டத் தெரியாத அப்பா எனக்கு வாய்த்தாரே என்று அன்று வழிநெடுக வெட்கப்பட்டுக்கொண்டே போனேன்.